ஜெசியின் முழங்கால் ஆறியிருந்தது

இல்லை, ஜெசி செத்தது ஒப்பரேஷனால் அல்ல. முழங்கால் ஆறியிருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். செத்த வீட்டில் மூன்று நாளும் வேறு கதைதான் ஓடியது.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டு நின்றேன். ஜெசியின் அயலவர் மணியண்ணை பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ரீச்சர், ஜெசிப்பிள்ளை கிணத்தடியிலை விழுந்திட்டா. மூச்சு எடுக்கேலாமல் கிடக்கிறா." நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள். முப்பத்தொரு வயது.

ஜெசிந்தாவை உங்களில் பலர் அறிவீர்கள். எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபின் தாயோடு இடம்பெயர்ந்து மருதனார்மடத்தில் ஓர் அறையில் இருந்தாள். ஒருநாள் வலைப்பந்துப் பயிற்சியில் ஓர் ஆள் குறைந்ததால் தானே இறங்கினாள். துள்ளிப் பந்தைப் பிடித்தாள். ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பினாள். 'டக்' என்ற சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. எழும்பி ஓரடி வைத்தாள். முழங்கால் கழன்றது. "உது என்ரை கால் இல்லைப் போல கிடக்கு," என்றாள்.

உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்திருந்தது. ஒப்பரேஷனுக்கு ஆறு மாதம் காத்திருந்தாள். மயக்க மருந்து வந்தால் தைக்க நூல் இல்லை. நூல் வந்தால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை. இந்த ஊருக்குள் வரக்கூடாதென்று மருந்தைத் தடைப் பட்டியலில் எழுதியவர்களின் முழங்கால்கள் நன்றாக மடியுமென்று நம்புகிறேன். கடைசியில் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு கீற்று நாரை எடுத்து, அறுந்த இடத்தில் பொருத்தினார்கள். நல்ல வேலை. பிறகு ஆறு கிழமை பிளாஸ்டர்.

பிளாஸ்டரை வெட்டியபோது கால் மரக்கட்டை. சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கறண்டும் பற்றரியும் இல்லாத இந்த ஊரில் நாம் எப்படிச் செய்தி கேட்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, யாராவது மிதிக்கவேண்டும். ஜெசி அந்த வேலையை ஏற்றாள். முதலில் பெடல் அரை வட்டம்தான் போனது, ரேடியோ கரகரத்தது. முழு வட்டம் போன அன்று ஒழுங்கையே கூடி நின்றது.

"பிள்ளை, செய்தி முடியும் மட்டும் நிப்பாட்டிப் போடாதை!" என்றார் மணியண்ணை.

"பொறுங்கோ அண்ணை. என்ரை காலும் உங்கடை செய்தியிலை வாற சமாதானம் மாதிரித்தான். கொஞ்சம் மடியும், பிறகு நிண்டிடும்."

"அப்ப கிரிக்கெட் கேக்கேலாதோ?"

"அதுக்கு உங்கடை மனிசியை ஏத்துங்கோ!"

ஒருநாள் செய்தி நீண்டது. அவளும் மிதித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அந்தக் காலின் கெண்டை வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"மிதிச்சது கூடிப்போச்சு. நீர் நோவெண்ணெய் போட்டு உருவிவிடும்," என்று என்னிடம் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியிலை காட்டினால் என்ன?"

"காட்டி, திரும்பப் பிளாஸ்டர் போட்டால்? போம் நீர். என்ன உது, கவிதை எழுதிற கையோ? அமத்தி உருவும்."

மூன்று பின்னேரம் உருவினேன். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, என் பலமெல்லாம் கொடுத்து. தாய் எண்ணெயைச் சூடாக்கித் தந்தார். நாலாம் நாள் காலை அவள் கிணற்றடியில் விழுந்தாள்.

இளம் வைத்தியர் ஒருவர் விளக்கினார். அசையாமல் கிடந்த காலில் இரத்தம் கட்டியிருக்கிறது. அது கழன்று நெஞ்சுக்குப் போயிருக்கிறது. அப்படி வீங்கிய காலை உருவக்கூடாது.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"சொல்லியிருக்கவேணும்," என்றார். "நீங்கள் உருவினதாலைதான் எண்டும் சொல்லேலாது."

அந்த இரண்டாவது வசனம் எனக்கு வேண்டாம். பட்டம் வாங்கிய நான் ஒரு வீக்கத்தை நோவென்று வாசித்தேன்.

செத்த வீட்டில் கேட்டவை: காலைக் கிழிச்சதே பிழை. பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு. கடவுள் கூப்பிட்டிட்டார். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பள்ளி அதிபர் தன் பேச்சில் விதி என்றார். எண்ணெய் மணம் போகாத கைகளைக் கட்டிக்கொண்டு நானும் தலையாட்டினேன். என் கோபத்தில் பெரும்பங்கு அந்தத் தலையாட்டலுக்கு.

ஒருமுறை இறுதிப் போட்டியில் தோற்ற பிள்ளைகள் நடுவரைத் திட்டியபடி வந்தார்கள். ஜெசி மறித்தாள். "பந்தை விட்டது ஆர்? கையைத் தூக்குங்கோ. அடிக்கமாட்டன். ஆளை மாத்தப் பிந்தினது நான்." தன் கையைத்தான் முதலில் தூக்கினாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்.

அவளுடைய அணியில் ஆடிய ஒரு பிள்ளைக்கும் அதே நார் அறுந்திருக்கிறது. ஷெல் வரும்போது பங்கருக்குள் தூக்கித்தான் இறக்குகிறார்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. ஜெசி இறந்தபின் அந்தத் தாய் மறுத்துவிட்டார். "ரீச்சரை வெட்டித்தானே சாகடிச்சவங்கள்."

எழுதியதை ஜெசியின் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "எண்ணெய் சூடாக்கினது நானெண்டும் போடு பிள்ளை," என்றார். போட்டிருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். உருவியது நான் என்று சொன்னேன். எத்தனை நாள், எப்படி என்றும் சொன்னேன். கெண்டை வீங்கினால் ஒருவரையும் தொடவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டும் என்றேன். தாய் என்னை இருக்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப்போக வருவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.