இருபது நிமிஷம்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கிருந்த ஓட்டலின் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். போனிலேயே டேபிள் புக் செய்தவர்கள் நேரே உள்ளே போவார்கள். மற்றவர்கள் என்னிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் இருபது நிமிஷம் என்பேன். அதற்கு மேல் சொன்னால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு அக்கா தன் புருஷனோடு வந்திருந்தார். டோக்கனை வாங்கியும் நகரவில்லை.

"கரெக்டா சொல்லும்மா. இவருக்கு சர்க்கரை ஊசி போட்டா அரை மணிக்குள்ள துன்னணும்."

அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருபது நிமிஷம்க்கா."

அக்கா புருஷனை ஓரமாக அழைத்துப்போய் ஊசியைப் போட்டுவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை வந்து கேட்டார். இதோ ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். உள்ளே மூன்று டேபிள் காலியாகத்தான் கிடந்தது. புக் செய்தவர்கள் எங்கோ ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்காகப் பிடித்து வைத்திருந்தோம். மூன்றாவது தடவை அக்கா வரவில்லை. கூச்சல் கேட்டு ஓடினேன். அந்த மனிதர் சுவரோரம் சரிந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறியது. சமையலறைக்கு ஓடி, சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தேன். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் தெளிந்து என்னைப் பார்த்தார்.

அக்கா திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"பையில பிஸ்கட் வச்சிருந்தேன். வெளிச் சாப்பாடு கூடாதுன்னு கேட்ல வாங்கிக்கினாங்க" என்றார். பிறகு மெதுவாக, "உன் பேச்ச நம்பித்தாம்மா ஊசி போட்டேன்."

மேனேஜர் உடனே ஒரு டேபிளைக் கொடுத்தார். அக்கா பிசைந்து ஊட்டிவிட்டார். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இனி தெரிந்தால்தான் சொல்வது, இல்லாவிட்டால் தெரியாது என்பது. அப்படி முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனேன். முதலில் வந்தவர் கைக்குழந்தையோடு நின்று, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

இருபது நிமிஷம் சார் என்றது என் வாய்.