அம்மிக்குழவியும் வெள்ளையனும்

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது திண்டுக்கல்லை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இரண்டு புது வரவுகள். ஒன்று, சேவுகம்பட்டியில் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்த தங்கச்சிப் பாப்பா. மற்றொன்று, சித்தப்பா யாரையும் கேட்காமல் பிடித்துக்கொண்டு வந்த வெள்ளையன். ராஜபாளையத்து நாய். ஒரு வயதுகூட நிரம்பவில்லை, அதற்குள் கன்றுக்குட்டி உயரம். அன்பு வந்தால் முன்னங்கால் இரண்டையும் தோளில் போட்டு ஆளை மல்லாக்கத் தள்ளிவிடும். அதற்கு அன்பு வராத நேரமே கிடையாது.

அப்பாவுக்கு இது சரிப்படவில்லை. "பச்சப்புள்ள வர்ற வீடு. சிறுமலையில வாழைத்தோட்டத்துக்கு நாய் கேக்குறாக, ஏத்தி விட்ருவோம்," என்றார்.

"செத்தப் பொறுங்கண்ணே. தொட்டில் போடுற அன்னிக்குள்ள பழக்கிருவோம். பழகலேன்னா நானே கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்," என்றார் சித்தப்பா.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாப்பாவைவிட வெள்ளையன்தான் எனக்கு வேண்டும். பாப்பாவைப் பார்க்கப் போன அன்று, அதன் கையைக் கொஞ்சம் பலமாகப் பிடித்து இழுத்துவிட்டேன் என்று என்னைச் சாயங்கால பஸ்ஸிலேயே சித்தப்பாவோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட பாப்பாவுக்காக என் நாய் மலையேற வேண்டுமா?

அம்மாவின் பழைய சேலையில் சித்தப்பா தொட்டில் கட்டினார். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டில் போடும் நாளில்கூட முதலில் அம்மிக்குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டு, பிறகுதான் பிள்ளையைப் போடுவார்கள். ஆகவே எங்களுக்கும் அம்மிக்குழவியே பாப்பாவாயிற்று. அது தொட்டிலை விட்டு இறங்காததால் அப்பாவுக்கு மசாலா அரைக்க வழியில்லை. அம்மா வரும்வரை வீட்டில் ரசம்தான்.

"நாய்க்கு வாயால சொன்னா வெளங்காது அப்பு. நீ செஞ்சு காட்டு, அது பாத்துச் செய்யும்," என்றார் சித்தப்பா. நான் ஓடாமல் நடந்து வர வேண்டும். தொட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். சேலையின் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் தொட வேண்டும். பின்னாலேயே வெள்ளையன் வந்து படுத்து, மோவாயைத் தரையில் வைக்க வேண்டும். சரியாகச் செய்தால் அதற்குக் கருவாட்டுத் துண்டு, எனக்குப் பொரிகடலை. ஒரு நாள் அது தாவித் தொட்டிலையே அவிழ்த்துவிட்டது. இன்னொரு நாள் நான் ஆட்டிய வேகத்தில் குழவி விழுந்து தரை பெயர்ந்தது. அன்று எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தொட்டில் போடும் நாள் வந்தது. அம்மா பாப்பாவோடு வந்து சேர்ந்தாள். உறவுக்காரப் பெண்கள் குழவியை ஆட்டி எடுத்துவிட்டுப் பாப்பாவைக் கிடத்தினார்கள். வெள்ளையன் பாப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழவி போன வழியே போய், அம்மியருகில் அதை அணைத்தாற்போல் படுத்துக்கொண்டது. விருந்துக்கு அரைக்க வேண்டுமே என்று அப்பா குழவியை எடுக்கக் குனிந்தபோது பல்லைக் காட்டி உறுமியது. பெண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"கல்லுக்கே இந்த உறுமலா? இன்னிக்கே ஏத்தி விட்ரு," என்றார்.

சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சங்கிலியைத் தேடினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் செய்து காட்டினால் வெள்ளையன் செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஓடாமல் நடந்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டேன். சேலையின் ஓரத்தைத் தொட்டேன். பாப்பா உள்ளேயிருந்து என் விரலைப் பற்றிக்கொண்டது. நான் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஈர மூக்கு பட்டது. வெள்ளையன் படுத்து, மோவாயைத் தரையில் வைத்தது. அப்பா குழவியை எடுத்துக்கொண்டு அரைக்கப் போனார்.

அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லாப் பதமாத்தான் பழக்கியிருக்கீக தம்பி," என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவிக்கொடுத்தாள். நாய் அந்தப் பக்கம் படுத்திருக்க, அம்மாவின் கை ஏன் என் தலைக்கு வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. எட்டவில்லை போலிருக்கிறது என்று, சற்று நகர்ந்து வெள்ளையனுக்கு வழிவிட்டேன்.