பிடிபடாத மாட்டுக்குப் பரிசு

தை பிறந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் கூடவே மைக் சத்தமும் வரும். ஏதோ ஓர் ஊரில் வாடிவாசல் திறந்திருக்கும். நான் இப்போது கறம்பக்குடிப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். இங்கேயும் கேட்கிறது. "மாடு வருது, மாடு வருது, ஒதுங்கு, ஒதுங்கு" என்று காதில் விழுந்தால் எனக்கு ஜல்லிக்கட்டு ஞாபகம் வராது. விராலிமலைப் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருந்தேனே, அந்த உயர்நிலைப் பள்ளியின் திங்கட்கிழமை பிரேயர்தான் ஞாபகம் வரும்.

காரணம் எங்கள் பி.டி. சார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். லீவு நாளில் சுற்றுவட்டார ஜல்லிக்கட்டுக்கெல்லாம் மைக் பிடிப்பவர். அப்படியொரு தொண்டை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது, பிரம்பே கையில் இருக்கக் கூடாது என்றாகிவிட்ட காலம் அது. சேட்டை மட்டும் குறைந்தபாடில்லை. எச்.எம். ஸ்டாஃப் மீட்டிங் போட்டு, "என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு என் வாய்தான் பிரம்பு, அதை யாரும் பிடுங்க முடியாது என்ற திமிர்.

பி.டி. சார்தான் சொன்னார். "தப்புப் பண்றவனையே பாத்துக்கிட்டு இருந்தா எப்புடி சார்? நல்லது பண்றவனுக்குப் பரிசக் குடுப்போம். மைக்குல சொல்லிக் குடுப்போம்."

அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டார். "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, வாராரு, வாராரு, ஒழுகுன கொழாயத் துணி வச்சுக் கட்டுன தம்பி வாராரு, வழிய விடுங்கப்பா. பரிசு ஒரு சில்வர் டம்ளர்." வாங்கப் போன பையன் தொடையைத் தட்டிக்கொண்டு மேடை ஏறினான். விசில் அடித்தவர்களை எச்.எம். கண்டுகொள்ளவே இல்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடம் முழுக்க நல்லவர்களாகிப் போனார்கள். தொல்லை தாங்கவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் என் பையைப் பிடுங்க ஒரு கூட்டம் நிற்கும். பொறுக்கக் குப்பை கிடைக்காமல், ஒருவன் தாளைக் கிழித்துப் போட இன்னொருவன் பொறுக்கினான். விலக்கிவிட்டால் பரிசு கிடைக்கும் என்று பேசிவைத்துச் சண்டை போட்டார்கள். "அடேய், நடிக்கிறவனுக்குன்னு பி.டி. சார் தனியா சில்வர் தட்டு வச்சிருக்காரு, போய்க் கேளுங்கடா" என்று திட்டுவேன். திட்டிவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பேன். இப்போது வந்திருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்திலும் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றுபோய்விட்டது.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் யோசிக்கவும் வேண்டியதில்லை. ஜல்லிக்கட்டில் மாட்டைப் பிடித்தால் பிடித்தவனுக்குப் பரிசு. யார் கையிலும் பிடிபடாமல் போய்விட்டால் மாட்டுக்குப் பரிசு. எங்கள் பிள்ளைகளுக்கு இது நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை பரிசெல்லாம் கொடுத்து முடித்ததும், என் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி விறுவிறுவென்று மேடை ஏறினாள். கணக்கில் சுமார், வாய் ரொம்ப ஜாஸ்தி, எனக்கு ரொம்பப் பிடித்தவள். மைக் பக்கத்தில் போய் நின்று, "சார், நான் தெனமும் மத்தியானம் செவரு ஏறிக் குதிச்சு வெளிய போயிட்டு வாரேன். இதுவரைக்கும் யாரும் பிடிக்கல. அப்ப மாட்டுக்குத்தானே பரிசு?" என்று கேட்டாள்.

மைதானமே கொல்லென்று சிரித்தது. பி.டி. சாரும் சிரித்துவிட்டு, "என்ன பரிசு வேணும் ஒனக்கு?" என்றார். அவள் வாயெடுத்தாள். பையன்கள் வரிசையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அதற்குள் எச்.எம். வந்துவிட்டார். "பொம்பளப் பிள்ள செவரு தாண்டிப் போச்சுன்னா நாளைக்கு ஊரே என்னையத்தான் காறித் துப்பும். அம்மாவக் கூட்டிட்டு வந்து டி.சி.ய வாங்கிட்டுப் போ" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பப்ளிக் பரீட்சை நெருங்கிவிட்ட நேரம். சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவளுடைய அம்மா ஆபீஸ் ரூமில் வந்து நின்றதும்தான் அது மிரட்டல் இல்லை என்று புரிந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவார் என்று பார்த்தால், "டி.சி.யக் குடுத்துருங்க சார். எங்க போனாளோ, யாரப் பாக்கப் போனாளோ. அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. எங்கண்ணன் மகன் இருக்கான். வைகாசியில கல்யாணத்த முடிச்சு விட்டுர்றேன்" என்றார்.

எச்.எம். பேனாவைத் திறந்தார். "எங்கடி போன, சொல்லித் தொலையேன்" என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாயாடிப் பிள்ளை ஊமையாக நின்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பி.டி. சார் முன்னால் வந்தார். "சார், ஒரு நிமிசம். டி.சி. குடுக்குறது ஒங்க இஷ்டம். ஆனா பிடிபடாத மாட்டுக்குப் பரிசு குடுக்காம அனுப்பக் கூடாது. அது முறையில்ல."

எச்.எம். வீட்டிலும் ஜல்லிக்கட்டு மாடு உண்டு. எதை மீறினாலும் அந்த முறையை அவரால் மீற முடியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா வேணும், கேளு" என்றார்.

அவள் இரண்டு சார்களையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கேர்ள்ஸ் பாத்ரூமுக்கு ஒரு தாப்பா, டீச்சர்."

அவளே மெல்லச் சொன்னாள். "கதவு நிக்கவே மாட்டேங்குது. வெளிய ஒருத்தி பிடிச்சுக்கிட்டே நிக்கணும். பசங்க வேணும்னே அங்கிட்டு வந்து வந்து போறானுங்க. செவருக்குப் பின்னாடிதான் எங்க சித்தி வீடு. அங்க போயிட்டு ஓடியாந்துருவேன். நேத்து மைக்குல கேக்கலாம்னுதான் ஏறுனேன். பசங்களப் பாத்ததும் வாய் வரல."

பீரோ நிறைய சில்வர் சாமான் வாங்கி அடுக்கியிருந்தோம். ஒரு தாழ்ப்பாள் வாங்கத் தோன்றவில்லை. டீச்சர்களுக்கான பாத்ரூம் சாவி என் கைப்பையில்தான் கிடந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். "இத என்கிட்டச் சொல்றதுக்கு என்னடி கேடு?" என்றவர், அடித்த இடத்தையே தடவிக் கொடுத்தார். பி.டி. சாரைக் காணோம். வெளியே அவருடைய வண்டி கடைவீதிப் பக்கம் கிளம்பிப் போனது.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப டி.சி. சார்?"

"பரிசு வாங்குன பிள்ளைக்கு எவனாச்சும் டி.சி. குடுப்பானாம்மா? கிளாசுக்குப் போகச் சொல்லுங்க" என்றார் எச்.எம்.

அப்போதுதான் அவள் அழுதாள். வைகாசியில் கல்யாணம் என்று அம்மா சொன்னபோதுகூட அழாமல் நின்றவள்.