பக்கத்து வீட்டு முறைப்பாடும் நாயின் கழுத்துப்பட்டியும்

எங்கள் நாய்க்கு எதிரான முறைப்பாடு பள்ளிவாசல் நிருவாக சபைக்கு எழுத்தில் போயிருந்தது. எழுதியவர் பக்கத்து வீட்டு மாஸ்டர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்தவள், நாற்பது நாள் கழிந்தும் தாய் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தூங்கும். எங்கள் நாய் குரைக்கும். பிள்ளை எழும்பும். முதலில் மதிலுக்கு மேலால் வாய்மூலம் சொல்லிப் பார்த்தார்.

"சேர், நாயக் கட்டுங்க. இல்லாட்டி அதுட வாயக் கட்டுங்க."

பிறகுதான் கடிதம். திகதி இருந்தது, ஒப்பம் இருந்தது, பிரதி எனக்கும் வந்தது. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் முறைப்பாடுகள் வாசித்தவன் என்ற முறையில், நல்ல கடிதம் என்றே சொல்வேன்.

சபையும் ஒழுங்காகவே நடந்துகொண்டது. காவலுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடம் உண்டு, அயலவரைத் தொந்தரவுபடுத்த இடம் இல்லை என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் குரைப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாயை இறக்காமத்தில் இருக்கும் என் வயலுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே யானை வரும். கஷ்டப் பிரதேசத்துக்கு இடமாற்றம் என்று எங்கள் காலத்தில் சொல்வோம்.

இதில் பாதிக்கப்படும் ஆள் நாய் அல்ல, என் மனைவி. அவளுக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். மகன் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி விசில் அடிக்கிறது என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். நான் ஐந்து வேளையும் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன், அவள் தனி. வாசலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. நாய் குரைத்தால் மட்டும் கேட்கும், அதற்குப் பெரிய தொண்டை. ஒருமுறை நாய் சுகமில்லாமல் படுத்திருந்த நாளில், எவனோ விறாந்தையால் ஏறி வந்து மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் போனா நான் இந்த ஊட்டுல எப்பிடித் தனிய இரிக்கிற?" என்றாள்.

"அவன் எண்டது நாயையா?"

"பின்ன ஆர? நீங்கதான் எப்பயும் போய்த்தானே இரிக்கிங்க."

மகனுக்கு அறிவித்தோம். அவன் கட்டாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கழுத்துப்பட்டியைக் கொடுத்தனுப்பினான். நாய் குரைத்தால் பட்டியில் உள்ள சிறு பெட்டி அதை உணர்ந்துகொள்ளும். முதல் குரைப்புக்கு ஒலி, இரண்டாவதுக்கு அதிர்வு, மூன்றாவதுக்கு இரண்டு உலோக முனைகளால் கழுத்தில் சிறு மின்னதிர்ச்சி. விளக்கம் கோரல், எச்சரிக்கை, ஒழுக்காற்று நடவடிக்கை. இவ்வளவு தெளிவான நடைமுறையை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. அதிர்ச்சியின் அளவுக்கு ஒன்று முதல் ஏழு வரை இலக்கங்களும் இருந்தன.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பட்டிக்குத் தினமும் மின்னேற்ற வேண்டும், அதற்கு வசதியான பிளக் குசினியில் இருந்தது. நாயின் எச்சில் பட்டது நஜீஸ், மார்க்கப்படி அசுத்தம். ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவாமல் உள்ளே கொண்டுவர முடியாது. அப்படிக் கழுவினால் பெட்டி பிழைக்காது. மனைவிதான் வழி சொன்னாள்: சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் சீற்றால் பட்டியை முழுதாகச் சுற்றிவிடுவது, கழற்றும்போது சீற்றை வெளியே எறிந்துவிடுவது. சுற்றும் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டாள். எல்லா விதிகளுக்கும் அமைந்த ஏற்பாடு. நான் உடனே அனுமதித்தேன்.

நாய் குரைத்தது. ஒவ்வொரு நாளும் ஒரு இலக்கம் கூட்டினேன். ஏழாம் நாள் ஏழாம் இலக்கத்துக்கு வந்தும் குரைத்தது. ஒரு கொப்பியில் குரைப்புப் பதிவேடு ஒன்றைத் திறந்து, நேரம், காரணம் என்று கோடு கிழித்து எழுதி வந்தேன். நாய் ஒலியையும் அதிர்வையும் பொருட்படுத்தவில்லை. ஒழுக்காற்று நடவடிக்கைக்கும் அசையாத ஊழியர்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன் என்பதால் பெரிதாகச் சந்தேகப்படவில்லை.

தவணை முடியும் நாளில், பரிசோதித்து அறிக்கை தரும்படி சபை மாஸ்டரையே அனுப்பியது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்தார். நாய் மூன்று கட்டங்களையும் தாண்டிக் குரைத்தது.

"எத்தனயாம் நம்பர்ல வெச்சிரிக்கிங்க சேர்?"

"ஏழு. அதுக்கு மேல நம்பர் இல்ல."

சங்கிலியை நான் இழுத்துப் பிடித்தேன். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியைச் சரித்துக் குனிந்து பார்த்தார்.

"சேர், ரெண்டு முனையிலயும் பொலித்தீன் சுத்தியிரிக்கே. கரண்ட் எப்பிடிப் போற? ஆறாம் வகுப்புப் புள்ளைக்கும் தெரியுமே."

நான் சுற்றுநிருபங்களில் வளர்ந்தவன். எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மாஸ்டர் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா மாஸ்டர்?" என்றாள் அவள். "எங்கட மகனுக்கு நீங்கதானே படிப்பிச்ச. வயருக்கு மேல பிளாஸ்டிக் என்னத்துக்கு எண்டு ஊட்டுல சத்தமாப் பாடமாக்கினவன். அப்ப எனக்கு நல்லாக் காது கேக்கும்."

மாஸ்டர் கதிரையில் அமர்ந்தார்.

"இவர் பள்ளிக்குப் போனா எனக்குக் காது அந்த நாய்தான்" என்றாள். "ஆரும் உள்ள வந்து நிண்டாலும் தெரியா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யிற?"

அவர் மேசையில் கிடந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"காரணத்துக்கு என்ட பேர்தான் கூடுதலா எழுதியிரிக்கி."

"பேர் எழுதல்ல மாஸ்டர். முறைப்பாட்டாளர் மதிலடிக்கு வந்தார் எண்டுதான் எழுதின."

"அது சரி" என்று கொப்பியை மூடி மனைவியின் பக்கம் திரும்பினார். "ராத்தா, புள்ள தூங்குற நேரம் மட்டும். லுஹர் தொழுதுட்டு இவர் வந்தத்துல இரிந்து அஸர் வரைக்கும் அவனப் பின்வளவுல கட்டுங்க. மத்த நேரம் அவன் என்னயும் பாத்துக் குலைக்கட்டும்."

"அந்த நேரம் வாசலுக்கு ஆரு?" என்றாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அறிக்கையை நானே வரைந்தேன். கருவி பொருத்தப்பட்டுள்ளது, நேரில் பரிசோதிக்கப்பட்டது, அயலவர் இருவரும் உடன்பட்டுள்ளனர். பொய்யான ஒரு சொல்லும் அதில் இல்லை. இருவரும் ஒப்பமிட்டோம், சபை முறைப்பாட்டுக் கோவையை மூடியது. பட்டி இன்றும் நாயின் கழுத்தில் இருக்கிறது. பொருத்தப்பட்டுள்ளது என்று எழுதிக் கொடுத்த பிறகு கழற்ற முடியாது. மின்னேற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டோம்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து ஹோனில் கை வைத்தான். வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"நாயெங்க சேர்?"

"பின்னுக்குக் கட்டியிரிக்கி."

"அப்ப நீங்க இஞ்ச என்ன செய்றிங்க?"

"நாய்க்குப் பதில் கடமை."

உள்ளே போய் மனைவியின் தோளைத் தட்டி, மீன் வந்திருக்கிறது என்றேன்.

"என்ன மீன்?"

அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நாயிடம் அவள் இதையெல்லாம் கேட்பதில்லை. திரும்பவும் வாசலுக்குப் போனேன்.