மேல்மலை நிரை

என் இளைய மகளின் பள்ளிப் பாடத்தில் "க்ளைம்ப்" என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அர்த்தம் கேட்டாள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள் நான். "ஏறுறது" என்றேன். அது போதாது என்று அகராதியை எடுத்து என் முன்னாலேயே வாசித்தாள். மலையிலோ மரத்திலோ ஏறுவது. விமானம் உயரே போவது. கொடி சுவரைப் பற்றிப் படர்வது. விலை கூடுவது. பாதை மேடாகப் போவது. உத்தியோகத்தில் மேலே வருவது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. அந்த அகராதியை எழுதியவர்களில் ஒருவர்கூட ஆறுமாத வயிற்றோடு, முதுகில் கொழுந்துக் கூடையோடு, மழையில் ஏறியிருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அகராதியைக் கோபித்து என்ன செய்வது. என் கோபம் எங்கள் கங்காணி மீதும் என் மாமியார் மீதும்தான். இருவரும் இறந்து வெகுகாலம் ஆகிறது. இறந்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்பார்கள். தேடிப் பார்த்தேன், பேசுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம். கலியாணமாகி மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த தோட்டத்துக்கு வந்தபோது வயது பத்தொன்பது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூட்டி, யார் எந்த மலையில் எந்த நிரையில் கொழுந்து எடுப்பது என்று சொல்வது கங்காணியின் வேலை. நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை. கீழ்மலை ரோட்டோரம், கிட்டத்தட்டச் சமதரை. மேல்மலையில் அடுத்த செடிக்குப் போக ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைக்க வேண்டும். மண் வழுக்கினால் பிடிக்க அட்டையும் புல்லும்தான் இருக்கும்.

பிள்ளைத்தாச்சிகளுக்குக் கீழ்மலை நிரை கொடுப்பது அங்கே வழக்கம். ஆனால் அதை அவளே போய்க் கேட்கக் கூடாது. வீட்டில் மூத்த பெண் ஒருத்தி வெற்றிலை பாக்கோடு கங்காணி வீட்டுக்குப் போய், "மருமக முழுகாம இருக்கா" என்று சொல்ல வேண்டும். மறுநாளே நிரை மாறிவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் வீட்டில் நடக்கவில்லை. என் மாமனார் இறந்த அன்று கங்காணி ஆண்களை மத்தியானம் வரைக்கும் மலையிலேயே வைத்திருந்தாராம். பாடை தூக்க ஆளில்லாமல் பிணம் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் மழையில் கிடந்ததாம். அது நடந்து ஏழு வருடம். அதிலிருந்து என் மாமியார் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கங்காணியின் வீடு லயத்துக்கு மேலே, பதினோரு கல்படி ஏறிப் போக வேண்டும்.

"அத்தே, ஒரு தடவை சொல்லிட்டு வந்திருங்களேன்" என்று கேட்டேன். நான் வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. அதைக் கேட்கவே நான்கு நாள் எடுத்தது.

"அவன் படிய நான் ஏறணுமா? என் பொணம்கூட அந்தப் பக்கமாப் போகாது. நாங்கல்லாம் மலையில நின்னுக்கிட்டே பெத்தவங்க புள்ள."

அவர் பெற்ற ஐந்தில் மூன்று தங்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

கணவருக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. அவரிடம் சொன்னால், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்னத்தப் பேசுறது?" என்று பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் மேல்மலையில் சறுக்கி ஐந்தாறு செடி தூரம் கீழே வந்தேன். கூடை உருண்டு போனது. அன்று ராத்திரி கொஞ்சம் உதிரம் பட்டது. இந்தப் பிள்ளை தங்காது என்று பயந்துவிட்டேன்.

மறுநாள் வேலை விட்டதும் நானே அந்தப் பதினோரு படியும் ஏறினேன். கங்காணி கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு வழியாக மேலே ஏறி வந்தவர்தான். அவருடைய அப்பா எங்களைப்போல மண்வெட்டி பிடித்தவர். இவர் தோட்டத்துத் துரை வருகிற பாதையில் முதல் ஆளாக நின்று நின்றே கங்காணி ஆனார்.

"என்ன புள்ள, தனியா வந்திருக்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு விஷயம் தெரியும். அவர் மனைவி உள்ளேயிருந்து என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அத்தையில்ல வரணும்? ஏழு வருஷமா இந்தப் படிய மிதிக்கல அந்தம்மா. வரட்டும். வந்து வெத்தலையக் கையில குடுக்கட்டும். அன்னிக்கே கீழ்மல."

"அவங்க வர மாட்டாங்க ஐயா."

"அப்ப நீ ஏறு. மேல்மலயில காத்து நல்லா வரும்."

அவர் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அன்று இரவு கங்காணியையும் மாமியாரையும் திட்டித் தீர்த்தேன், மனதுக்குள்தான். அவருக்கு வேண்டியது மாமியாரின் தலை குனிவது. மாமியாருக்கு வேண்டியது குனியாமல் இருப்பது. நடுவில் ஒரு பிள்ளை இருப்பது இருவருக்கும் பொருட்டில்லை.

கொழுந்தெடுக்கும்போது சேலையைச் செடி கிழிக்காமலிருக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் படங்கு என்று ஒரு சாக்குத்துணி சுற்றிக் கட்டுவோம். மழைக்குக் கம்பளி போட்டு, அதன்மேல் கூடைக் கயிறும் விழுந்தால் கர்ப்பிணிக்கும் மற்றவளுக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்கப்பட்டு நானும் படங்கை ஏற்றித்தான் கட்டிக்கொண்டிருந்தேன். பின்தங்கி எடுக்கிறேன் என்று மலை வேலைக்கெல்லாம் மேலதிகாரியான கண்டாக்கு ஐயா என்னை இரண்டு முறை சோம்பேறி என்று திட்டியதும் அதனால்தான்.

அடுத்த வாரம் அவர் பெரட்டுக்கு வந்த ஒரு காலையில் நான் படங்கு கட்டாமல் போனேன். கம்பளியையும் கூடையையும் கீழே வைத்துவிட்டுச் சேலையோடு முன்வரிசையில் நின்றேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முந்தானையை இழுத்து மூடச் சொல்லிக் கை தவித்தது. மூடவில்லை.

"படங்கு எங்க புள்ள?" என்றார் கங்காணி.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "படங்கு பத்தலயாம், சுத்தளவு கூடிப்போச்சு" என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழும்பியது.

கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார். பிறகு கங்காணியைப் பார்த்தார். "எத்தன மாசம்? இந்தப் பொம்பள எந்த மலை?"

கங்காணி இருமினார். "எங்கிட்ட யாரும் சொல்லலீங்க ஐயா."

"கண்ணு இல்லையா ஒனக்கு? கீழ்மலையில போடு."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எத்தனை நாள் ஏறியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் சட்டியை நங்கென்று வைத்தார். "தோட்டத்து ஆம்பளைங்க அத்தன பேருக்கும் வயித்தக் காட்டிட்டு வந்து நிக்கிறா. அந்தப் படியிலயும் போய் ஏறியிருக்கா, எனக்குத் தெரியாதுன்னு."

"நீங்க ஒரு வெத்தல குடுத்திருந்தா நான் ஏன் காட்டுறேன்?" என்றேன்.

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அதன் பிறகு பிள்ளை பிறக்கும்வரை அவர் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

கங்காணியும் விடவில்லை. கீழ்மலைக்குத் தினம் இரண்டு தடவை வந்து என் நிரைக்கு மேலே நிற்பார். ஒருநாள், முற்றின இலை கலந்திருக்கிறது என்று என் கூடையை ரோட்டில் கவிழ்த்துப் பொறுக்கச் சொன்னார். குனிய முடியாது. நடுரோட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பிரித்தேன். அவசரப்படவில்லை. மஸ்கெலியாவிலிருந்து வந்த லொறி ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. கங்காணிதான் டிரைவரிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது.

தை மாதம் பையன் பிறந்தான், முழுசாக, நல்ல சத்தத்தோடு. பிள்ளை பிறந்தால் லயம் முழுக்கச் சர்க்கரை கொடுப்பார்கள். கங்காணி வீட்டுக்குத்தான் முதலில் போகும். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு லயத்து வீடுகளில் காம்பரா காம்பராவாகக் கொடுத்துவிட்டு, கல்படிக்குக் கீழேயே திரும்பி வந்துவிட்டார். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொடுக்கவில்லையா என்று நானும் கேட்கவில்லை. மிச்சமிருந்த சர்க்கரையை அவர் எனக்கு எதிரில் வைத்தார். இருவரும் பேசாமல் தின்றோம்.