டோக்கன் கூப்பிட்ட வாய்

நான்கு அக்காள்களுக்குப் பின் பிறந்த அந்த வாயாடி, ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் டோக்கன் எண் கூப்பிட்டார். "நாப்பத்தேழு, வாங்க மாப்பிள்ளை, நர்ஸம்மா ஊசியோட காத்திருக்காங்க" என்றால் காய்ச்சல்காரனும் சிரிப்பான். இப்போது மிஷின் வந்து அவர் வேலை போயிற்று. கடைசி நாளில் மேனேஜர் அழைத்து ஒரு மைக்கை நீட்டினார்.

"மிஷின் கூப்பிட்டா சனங்க எரிஞ்சு விழுறாங்கண்ணே. உங்க கிண்டலையெல்லாம் இதுல பேசிப் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் மைக்கைத் தள்ளிவிட்டார்.

"வயித்துல அடிச்சது பத்தாதுன்னு வாயையும் கழட்டிக் குடுக்கணுமா, சார்?"

வெளியே, மிஷின் மூன்று முறை கூப்பிட்டும் ஐம்பத்திரண்டாம் எண்காரக் கிழவி அசையவில்லை.

"நீ கூப்பிடு தம்பி, எந்திரிக்கிறேன்."

"என் வாய் என்னோட வீட்டுக்கு வருது அத்தை. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க, அவருக்கும் வேலை வேணுமில்ல."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.