வெட்டுக்கழுத்தாள்

என் மனைவியின் வலது கையைக் கொதிக்கிற எண்ணெயில் விட வைத்தவன் நான். ஊர் செய்தது, காலம் அப்படி என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீடு கொல்லிமலையில், குண்டனி நாட்டில். தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு என்று எங்களிடம் இறங்கி வந்த சொத்து ஒரு பொற்காசு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் மீசையில்லாத முகம், தலையைச் சுற்றி இலைமாலை, தடித்த கழுத்து. கழுத்தின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. மீசை இல்லை, தலையில் மாலை இருக்கிறது, ஆகவே அம்மன்தான் என்று எங்கள் பாட்டன்மார் முடிவு கட்டிவிட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் ஒருவன் பயந்துபோய் அவள் கழுத்தை வெட்டினான், அன்றைக்கே கை அழுகிச் செத்தான் என்று ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. வெட்டுக்கழுத்தாள் என்போம்.

பங்காளிகளுக்குள் திருட்டு, பெண் விவகாரம் எது வந்தாலும் வெட்டுக்கழுத்தாளை விளக்கெண்ணெய்ச் சட்டியில் போட்டுக் காய்ச்சுவோம். சந்தேகத்துக்கு ஆளானவர் கையை விட்டு அவளை எடுக்க வேண்டும். கையில் துணி சுற்றி மூன்றாம் நாள் அவிழ்ப்போம். கொப்புளம் இல்லையென்றால் குற்றமில்லை. என் சித்தப்பன் மகன் மிளகு திருடி அகப்பட்டபோது எண்ணெய் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் மனைவி பலாப்பழம் விற்க மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கினாள். ஓடையில் வெள்ளம் வந்து வழி அடைபட்டது. ஒரு வண்டிக்காரன் வீட்டில், அவன் தாயோடு படுத்திருந்துவிட்டு மறுநாள் மதியம் வந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நான் வாயிலேயே குத்தினேன். முன்பல் ஒன்று விழுந்தது. அப்படியும் என் ஆத்திரம் அடங்கவில்லை. பங்காளிகளைக் கூட்டி, காசை எடுத்துவந்து வைத்தேன்.

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “நான் எடுக்கறேன் மாமா. நீங்களே காய்ச்சுங்க.”

காய்ச்சினேன். போதும் என்று ஊர்க்கவுண்டர் சொன்ன பிறகும் இரண்டு விறகைக் கூடுதலாகத் தள்ளினேன். அவள் முழங்கை வரை விட்டாள், துழாவினாள், காசை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். சத்தமே போடவில்லை. வெந்த தோலின் வாடை மட்டும் வந்தது. மூன்றாம் நாள் துணியோடு தோலும் உரிந்துகொண்டு வந்தது. மூன்று விரல்கள் பிற்பாடு உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிவிட்டன. கெட்டவள் என்று தீர்த்து, வாசலூர்பட்டியில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பினோம். அங்கேயும் அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கோயில் பக்கம் விடவில்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யுத்தத்துக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். காசைத் துணியில் சுற்றி அரைஞாண் கயிற்றோடு தைத்துக்கொண்டேன். இத்தாலி தேசத்தில் மலைமேல் கோவேறு கழுதைகளோடு குண்டு சுமந்தோம். ஒருநாள் எனக்கு முன்னால் போன கழுதை சிதறியது. அதன் குடலும் இரும்புத் துண்டுகளும் என்மேல் விழுந்தன. தொடை கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அங்கே டாக்டர் திருச்சிப் பக்கத்துக்காரர். அரைஞாணை வெட்டும்போது காசைப் பார்த்துவிட்டார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கிழவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். கிழவர் கண்ணாடி வில்லையை வைத்து, ஓரத்து எழுத்துகளை நகத்தால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது என் வாயில் நுழையவில்லை. மற்றதை டாக்டர் தமிழில் சொன்னார்.

“இது அம்மன் இல்லப்பா. இந்த ஊரை ஆண்ட ராஜா. ஆயிரத்தெண்ணூறு வருஷம் இருக்கும். பெத்த தாயையே கொன்னவன். பொண்டாட்டியை, கர்ப்பமா இருந்தவளை, வயித்துல உதைச்சுக் கொன்னான்னு சொல்றாங்க.”

“இந்த வெட்டு?”

“உள்ளேயும் தங்கம்தானான்னு எவனோ உளி வச்சுப் பார்த்திருப்பானாம்.”

நான் டாக்டரின் கழுத்தைப் பிடித்தேன். நான்கு பேர் சேர்ந்து என்னைக் கட்டிலோடு கட்டினார்கள். கால் ஆறியதும் டாக்டர் கோபித்துக்கொள்ளாமல் என்னை அழைத்துப்போய், இடிந்த ஒரு மண்டபத்தில் ஒரு கல்தலையைக் காட்டினார். மூக்கு உடைந்திருந்தது. அதே இலைமாலை, அதே தடித்த கழுத்து. காசை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்து வந்ததும் நேராக வாசலூர்பட்டிக்குப் போனேன். அவள் இடது கையால் மரவள்ளிக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எம்பேரக் கெடுத்த எடத்துல போய்ச் சொல்லுங்க.”

மாமா என்று கூப்பிடவில்லை.

போனேன். பங்காளிகள் எல்லோரும் இருக்கும்போது, காசில் இருக்கிறது ஆம்பளை, பொண்டாட்டியைக் கொன்ற ராஜா, என் மனைவிமேல் தப்பே இல்லை என்றேன். முதல் அடி சித்தப்பன் மகனுடையது. தடியால் காதோடு சேர்த்து அடித்தான். கீழே விழுந்ததும் ஆளாளுக்கு மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஊர்க்கவுண்டர்தான் விலக்கினார்.

“அம்மன ஆம்பளைன்னு சொன்ன வாய்க்கு அவளே பதில் சொல்லட்டும். சட்டிய வைங்கடா. கை வேகலைன்னா நீ சொன்னது நெசம்.”

கை வேகவில்லை என்றால் காசில் அம்மன் இருக்கிறாள், அன்றைக்கு அவள் காட்டிய தீர்ப்பும் சரி என்று ஆகும். வெந்தால் நான் பொய்யன். எப்படி ஆனாலும் என் மனைவியின் பெயர் திரும்பாது. அது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. புரிந்தும் உட்கார்ந்தேன். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள வேறு வழி எனக்கு இல்லை.

எண்ணெய் புகைந்தது. கையை விட்டேன். மணிக்கட்டு முங்குவதற்குள் அறுக்கிற ஆட்டைப்போல அலறிக் கையை உருவிக்கொண்டேன். காசு சட்டியின் அடியிலேயே கிடந்தது. மறுபடி விடச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் துணியை அவிழ்க்கிறபோது அவள் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கொப்புளங்கள் உடைந்து சீழ் வழிந்தது. பொய்யன் என்று ஊர்க்கவுண்டர் சொல்லி முடித்ததும் ஆட்கள் கலைந்தார்கள். அவள் கிட்டே வந்து என் கையை வெகுநேரம் பார்த்தாள். நான் அழுதேன்.

“நான் எடுத்துட்டனுங்க” என்றாள். “நீங்க எடுக்கலை.”

மடங்கிய கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலூர்பட்டிப் பாதையில் நடந்தாள்.